உச்சி வரை வந்த கைடு

செஞ்சியில் பிறந்து வளர்ந்தவன் நான். இருபது வயது வரை ராஜகிரிக் கோட்டையின் உச்சியை நான் மிதித்ததே இல்லை. அதை வெளியே சொல்லாமல், அதே கோட்டைக்குக் கைடாக வேலைக்கும் சேர்ந்தேன். இதை ஒப்புக்கொள்ள இப்போது எனக்கு வெட்கமில்லை. சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் விஷயம் எப்போதோ தெரிந்துவிட்டது. தெரியாதவர்கள் நீங்கள் மட்டும்தான்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு உயரம் ஆகாது. பரணிலிருந்து அண்டாவை இறக்க ஏணியில் மூன்றாவது படி ஏறினாலே உள்ளங்கால் கூசும். பள்ளிக்கூடத்தில் வருஷா வருஷம் பிள்ளைகளைக் கோட்டைக்கு அழைத்துப் போவார்கள். வருஷா வருஷம் அன்றைக்குப் பார்த்து எனக்கு வயிற்றுப்போக்கு வந்துவிடும். (வாத்தியாருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நல்ல மனிதர், கேட்கவில்லை.)

அறுபதுகளின் நடுவில் ஒரு கோடை. பி.யூ.சி.யில் தோற்றுவிட்டு, கடைத்தெருவில் நைனாவின் பிண்ணாக்குக் கடையில் மூட்டைகளுக்கு நடுவே இன்னொரு மூட்டையாக உட்கார்ந்திருந்தேன். மெட்ராஸிலிருந்து மாசிலாமணி என்று ஒருவர் வந்தார். சுற்றுலா பஸ் கம்பெனி ஒன்றின் ஏஜெண்ட். அந்தக் கோடை முழுக்க ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு பஸ் நிறைய ஆட்களைச் செஞ்சிக்கு அழைத்து வரப் போகிறார்களாம். கோட்டை தெரிந்த, நாலு வார்த்தை இங்கிலீஷ் பேசுகிற உள்ளூர் ஆள் வேண்டுமாம்.

“எம் பையனே இருக்கான் பாருங்க,” என்றார் நைனா. “பி.யூ.சி. வரைக்கும் போனவன்.”

“இங்கிலீஷ் வருமா?”

“இங்கிலீஷ்லதாங்க ஃபெயிலே ஆனான்,” என்றார் நைனா, அதுவும் ஒரு தகுதி என்பதுபோல.

மாசிலாமணி என் பக்கம் திரும்பினார். “கோட்டை தெரியுமா தம்பி?”

“நல்லாத் தெரியும் சார்,” என்றேன். பொய்யில்லை. கடை வாசலில் நின்று பார்த்தால் கோட்டை நன்றாகவே தெரியும்.

அப்படித்தான் எனக்கு வேலை கிடைத்தது. தலைக்கு ஒரு தொப்பி, சட்டையில் குத்திக்கொள்ள ‘வழிகாட்டி’ என்று எழுதிய ஒரு பட்டை. நைனா அந்தப் பட்டையைக் கடைத்தெரு முழுக்கக் காட்டிவிட்டு வந்தார். பிண்ணாக்கு வாங்க வந்தவர்களும் அதைப் பார்க்காமல் போக முடியவில்லை.

முதல் மூன்று ஞாயிறும் ஆனந்தமாகப் போயின. மலையடிவாரத்திலேயே பார்ப்பதற்கு நிறைய இருந்தது. கல்யாண மஹால், குதிரை லாயம், தானியக் களஞ்சியம், யானைக் குளம். தெரிந்ததைச் சொன்னேன், தெரியாததை அதைவிடச் சத்தமாகச் சொன்னேன். கல்யாண மஹாலின் மேல்மாடியில் ஏழு ராணிகள் ஏழு ஜன்னலில் தலை உலர்த்தினார்கள் என்றேன். (ஜன்னல்களை நான் எண்ணிப் பார்த்ததில்லை. ராணிகளையும்தான்.) கடைசியில் எல்லோரும் ராஜகிரியை அண்ணாந்து பார்க்கும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வேன்.

“மேல போலாம்தான். ஆனா மலைத்தேனீ கலைஞ்சிருக்குது. நேத்துகூட ரெண்டு பேரைக் கொட்டிடுச்சு.”

சித்திரை வெயில். பாதிப் பேருக்கு ஏற விருப்பமில்லை, மீதிப் பேருக்குத் தேனீ விருப்பமில்லை. எல்லோரும் நிம்மதியாக மரத்தடியில் உட்கார்ந்து புளிச்சோற்றைப் பிரிப்பார்கள்.

நாலாவது ஞாயிறு பஸ்ஸில் மாசிலாமணியும் வந்திறங்கினார். வேலை எப்படி நடக்கிறதென்று பார்க்க வந்தாராம். அவருக்குப் பின்னால், கையில் தடியும் கண்ணில் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் இறங்கினார். முப்பத்தைந்து வயது இருக்கும். பெயர் தியாகராஜன். மெட்ராஸில் ஒரு பெரிய கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். கூடவே அவர் மனைவி கமலா அம்மா, இரண்டு கையிலும் தூக்குச்சட்டியோடு. தியாகராஜனுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை.

எனக்கு மனசுக்குள் ஒரே கொண்டாட்டம். கண் தெரியாதவரிடம் ஏழு ராணிகளைப் பதினாலாக்கினாலும் யார் கேட்கப் போகிறார்கள்?

களஞ்சியத்துக்குள் நுழைந்ததும், “இதான் சார் ராஜா நகை வெச்சிருந்த எடம்,” என்றேன்.

அவர் கையை ஒருமுறை தட்டினார். சத்தம் நாலு சுவரிலும் மோதித் திரும்பி வந்தது. “இவ்வளவு பெரிய கூடம் நிறைய நகையா? நெல்லுன்னா நம்பலாம்.”

“நெல்லுதான் சார். நகை அப்புறமா.”

அவர் சிரித்தார். “தம்பி, ‘ஐயா வெளில போயிருக்காரு’ன்னு நாள் பூரா சொல்றதும் கேக்கறதும்தான் என் உத்தியோகம். பொய் எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். நீ சொல்லு, நல்லாத்தான் சொல்றே.”

நான் தேனீக் கதைக்கு வந்தேன். எல்லோரும் வழக்கம்போல மரத்தடிக்கு நகர்ந்தார்கள். தியாகராஜன் மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

“தேனீ சத்தமே கேக்கலையே?”

“நேத்து இருந்துச்சு சார்.”

“அப்ப அது திரும்பி வர்றதுக்குள்ள நாம போயிட்டு வந்துடலாம். வா.”

மாசிலாமணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கமலா அம்மா தன் முழங்காலைத் தடவியபடி, “என்னால ஏற முடியாது தம்பி. அவர் சொன்னா கேக்க மாட்டார். பத்திரமாக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடு. உன்னை நம்பித்தான் அனுப்பறேன்,” என்றார்.

சட்டையில் ‘வழிகாட்டி’ என்று குத்திக்கொண்டு எப்படி மாட்டேன் என்பது?

ஏறினோம். முதலில் எல்லாம் சரியாகவே இருந்தது. “படி சார், உசரமான படி, இப்ப வலது பக்கம் திரும்புது,” என்று சொல்லிக்கொண்டே போனேன். நானும் உபயோகமான ஆள்தான் என்று ஒரு பெருமைகூட வந்தது. பாதி வழியில் இருந்த அம்மன் கோயிலில் தியாகராஜன் ஒரு கும்பிடு போட்டார். நான் ஒன்பது போட்டேன்.

அதற்கு மேலே பாதை பாறையோரமாகப் போனது. “இடது பக்கம் இன்னா இருக்கு தம்பி?” என்று கேட்டார்.

திரும்பிப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது.

“ஒண்ணுமே இல்ல சார்.”

அன்று காலையிலிருந்து நான் சொன்ன முதல் உண்மை அது. இடது பக்கம் நிஜமாகவே ஒன்றும் இல்லை. மலை அங்கே முடிந்து, கீழே எங்கேயோ தரை இருந்தது. அதன்பிறகு வலது பக்கத்துப் பாறையோடு பல்லிபோல் ஒட்டிக்கொண்டே ஏறினேன். என் பேச்சு நின்றுபோனது. அவரோ தடியால் தட்டித் தட்டி, பூங்காவில் நடக்கிறவர்போல் போய்க்கொண்டிருந்தார்.

உச்சிக்குச் சற்று முன்னால் மலை இரண்டாகப் பிளந்திருக்கும். பிளவுக்கு மேலே ஒரு சின்னப் பாலம். மொத்தமே பத்துப் பன்னிரண்டு எட்டுதான். பாலத்துக்கு அந்தப் பக்கம் கோட்டை வாசல். பாலத்துக்குக் கீழே நான் பார்த்த இருட்டை இன்றைக்கும் என்னால் விவரிக்க முடியாது. பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன்.

“தம்பி?”

“சார்.”

“குரல் கீழேர்ந்து வருது. உக்காந்துட்டியா?”

“தலை சுத்துது சார்.”

அவரும் குனிந்து தடவிப் பார்த்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: “இது எத்தனாவது தடவை நீ மேல வர்றது?”

இனிமேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. “மொத தடவ சார். எனக்கு ஏணியே ஆகாது.”

திட்டுவார் என்று நினைத்தேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிளவு முழுக்க அந்தச் சிரிப்பு எதிரொலித்தது. “அப்ப ரெண்டு பேருமே ஊருக்குப் புதுசு! சரி, நீ இங்கயே இரு. பாலம் எத்தனை எட்டு இருக்கும்னு மட்டும் சொல்லு. நான் போயி அந்தக் காத்தை வாங்கிட்டு வந்துடறேன்.”

எழுந்து தடியைப் பாலத்தின்மேல் வைத்தேவிட்டார். எனக்குக் கமலா அம்மாவின் முகம் ஞாபகம் வந்தது. இவர் ஓர் எட்டு தப்பாக எடுத்து வைத்தால் கீழே போய் அந்த அம்மாவிடம் என்ன சொல்வேன்? பாலத்தைவிட அந்த நினைப்பு பயங்கரமாக இருந்தது.

“இருங்க சார், நானும் வரேன்,” என்றேன். அழுகிற குரலில்தான்.

“வர்றியா? அப்ப கண்ணை மூடிக்க. என் தோளைப் புடி. எனக்கு இது பழக்கம்தானே.”

மூடிக்கொண்டேன். அவர் தோள் வியர்வையில் நனைந்து, உறுதியாக இருந்தது. முன்னால் தடி ‘டொக் டொக்’ என்று தட்டிக்கொண்டே போனது. நான் செருப்பைத் தேய்த்துத் தேய்த்துப் பின்னால் நகர்ந்தேன். நடுப்பாலத்தில் காற்று ஒரு வீசு வீசியது.

“சார், தொப்பி போச்சு!”

“தலை இருக்குதா?”

“இருக்குது சார்.”

“அப்ப நட.”

அந்தப் பத்துப் பன்னிரண்டு எட்டை நடந்து முடிக்க எனக்கு ஒரு பரீட்சை நேரம் ஆனதுபோல் இருந்தது. (அந்தப் பரீட்சைகளில் தோற்றவன் நான்.)

உச்சியில் காற்று ஆளைத் தள்ளியது. தியாகராஜன் இரண்டு கையையும் விரித்து, முகத்தை மேலே தூக்கி நின்றார். சட்டை படபடவென்று அடித்துக்கொண்டது. அங்கிருந்த பீரங்கியைத் தொட்டவர், “யப்பா, இப்பத்தான் சுட்டிருக்கானுங்க போல!” என்று கையை உதறினார். பிறகு ஒரு மதில் நிழலில் உட்கார்ந்துகொண்டு, “இப்பச் சொல்லு, இன்னா தெரியுது?” என்றார்.

மதிலை இறுகப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறந்தேன்.

“எதிர்ல ராணிக்கோட்டை சார். கீழேர்ந்து பாத்தா எவ்ளோ பெருசா இருக்கும் தெரியுமா? இப்ப அது நமக்குக் கீழ இருக்குது! அந்தாண்ட சிங்கவரம் மலை. ஏரியெல்லாம் காஞ்சு கெடக்குது. கெணறு இருக்கற எடத்துல மட்டும் மல்லாட்டைக் கொல்லை, உங்க ஊர் வேர்க்கடலைதான், பச்சையா, துணிக்கு ஒட்டுப் போட்டாப்ல இருக்குது. நம்ம பஸ்ஸு தீப்பெட்டி சார். மரத்தடியில எறும்பாட்டம் ஆளுங்க. அதுல அம்மா எதுன்னு தெரியல...”

நான் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனேன். ஒரு ராணிகூட அதில் வரவில்லை. தியாகராஜன் குறுக்கே பேசாமல் கேட்டார். முடித்ததும், “இப்பத்தான் உன் குரல் நேரா வருது,” என்றார்.

பிறந்த ஊரை அன்றுதான் முழுசாகப் பார்த்தேன், அதுவும் பார்வை இல்லாத ஒருவர் புண்ணியத்தில்.

இறங்குவது ஏறுவதைவிட மோசம் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பாலத்தை மறுபடி கண்ணை மூடியே தாண்டினேன். பாறையோரப் படிகளை உட்கார்ந்த வாக்கில், ஒவ்வொன்றாகச் சறுக்கி இறங்கினேன். பேண்ட்டின் பின்பக்கம் அம்மன் கோயிலுக்கு முன்பே விடைபெற்றுக்கொண்டது. அதற்கப்புறம் எழுந்து மறுபடி அவர் தோளைப் பிடித்துக்கொண்டேன், கண்ணைத் திறக்கவேயில்லை. அவர் “படி”, “திருப்பம்”, “குனி” என்று சொல்லச் சொல்ல நடந்தேன். ஏறும்போது நான் சொன்னதையெல்லாம் அவர் அப்படியே மனசில் வைத்திருந்தார்.

திடீரென்று சுற்றிலும் சத்தமே இல்லை. கண்ணைத் திறந்தேன். சமதரையில் நின்றுகொண்டிருந்தேன். எதிரே பஸ் ஜனம் முழுக்க, கையில் புளிச்சோற்றோடு, வாயைத் திறந்தபடி. மாசிலாமணி ஒரு பக்கம். அது போதாதென்று இன்னொரு பக்கம் நைனா! மகன் வேலை பார்க்கிற அழகைக் காட்டுவதற்காகக் கடைத்தெருவிலிருந்து இரண்டு வியாபாரிகளை அழைத்து வந்திருந்தார்.

நைனா என்னைப் பார்த்தார், முன்னால் நின்ற தியாகராஜனைப் பார்த்தார், அவர் தோளில் இருந்த என் கையைப் பார்த்தார்.

“இன்னாடா இது? கண்ணு தெரியாதது அவருக்கா, உனக்கா?”

மரத்தடி இடிந்து விழுகிறமாதிரி சிரித்தது. கமலா அம்மா மட்டும் சிரிக்காமல் வந்து, தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டார். பேண்ட்டின் நிலைமையை முதலில் கவனித்தவர் அவர்தான். அதற்குப் பிறகு திரும்பி நின்று, அவரும் சிரித்தார்.

வேலை போனதென்று முடிவே செய்துவிட்டேன். கம்பெனியில் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். பயணிகள் குறைநிறைகளை அதில் எழுதலாம். தியாகராஜன் அதைக் கேட்டு வாங்கி, மனைவியிடம் கொடுத்து, சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். மாசிலாமணி வாங்கி உரக்கப் படித்தார்.

“கைடு எங்களோடு உச்சி வரை வந்தார். அவருக்கு அது சுலபமில்லை. ஆனாலும் வந்தார். மேலே அவர் சொன்னது எல்லாம் உண்மை.”

மாசிலாமணி இரண்டு முறை படித்தார். “கைடுன்னா வரத்தானே வேணும்? இதைப் பாராட்டுன்னு எடுத்துக்கறதா, புகார்னு எடுத்துக்கறதா?”

“பாராட்டுதான்,” என்றார் தியாகராஜன். “டெலிபோன்ல வேணும்னாலும் சொல்றேன்.”

வேலை நிலைத்தது. அடுத்த ஞாயிறே தேனீயைக் கைவிட்டேன். ராணிகளுக்கும் விடுதலை கொடுத்தேன். தெரியாததைக் கேட்டால் தெரியாது என்றே சொன்னேன். அப்படிச் சொன்னாலும் ஆட்கள் சந்தோஷமாகத்தான் கேட்டார்கள். ஒவ்வொரு ஞாயிறும் மேலே ஏறினேன். கோடை முடிவதற்குள் அந்தப் பாலத்தை ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டும் அளவுக்கு முன்னேறியிருந்தேன். (எந்தக் கண் என்பது காற்றைப் பொறுத்தது.)

தியாகராஜனும் கமலா அம்மாவும் என் கல்யாணத்துக்கு வந்தார்கள். கூட்டத்தில் என் குரலைப் பிடித்துக்கொண்டு நேரே மணவறைக்கு வந்தவர், “பயப்படாதே, இது பாலத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம்,” என்றார். அவர் இருந்தவரை பொங்கலுக்குக் கடிதம் போடாமல் இருந்ததில்லை. அந்த மனிதருக்கு நான் பட்ட நன்றிக்கடனைத் தீர்க்க ஒரு வழியும் எனக்குத் தெரியவில்லை. இப்படி எழுதிப் பார்க்கிறேன்.

நைனாவின் கேள்வி எங்கள் குடும்பத்தில் இன்னும் ஓயவில்லை. அவர் அதைச் சாகும்வரை கடையில் வருவோர் போவோரிடமெல்லாம் சொன்னார். மாப்பிள்ளைகள் கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே அதைக் கற்றுக்கொண்டார்கள். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடினாலும், கறிகாய்க் கடைக்காரன் அழுகல் தக்காளியை என் தலையில் கட்டினாலும், “கண்ணு தெரியாதது அவருக்கா, உனக்கா?” என்று யாராவது ஒருவர் ஆரம்பித்துவிடுவார்கள்.

என் பெரிய மகள் இப்போது ஒன்பதாவது மாடியில் குடியிருக்கிறாள். போன மாதம் போயிருந்தபோது, பால்கனிக்கு வந்து பார் என்று எல்லோரும் ஒரே பிடிவாதம். வாசற்படி வரை போனேன். உள்ளங்கால் கூசியது. கண் தானாக மூடிக்கொண்டது, கை தானாக முன்னால் நீண்டது.

பேத்தி வந்து கைக்கு நேராகத் தோளைக் கொடுத்தாள். “வா தாத்தா,” என்றாள். “மொத்தம் நாலே எட்டுதான்.”