ரன் படிப்பித்த யோகராணி

கிட்ட வந்து இருங்கள், என் செல்லங்களே. தேத்தண்ணி ஆறுவதற்குள் ஒரு கதை சொல்லி முடிக்கிறேன்.

ஆங்கிலம் பேசுகிற நாட்டில், வெரிபீ என்ற ஊரில், யோகராணியின் எதிர்வீட்டுக்கு லின் என்ற சீன அம்மா குடிவந்து மூன்று மாதம். இருவருக்கும் இடையில் கைகாட்டிச் சிரிப்பதோடு சரி. ஒருநாள் லின் கையில் தாளோடு வாசலில் நின்றார். தாளின் உச்சியில் ‘ரன்’ என்று ஒரே ஓர் ஆங்கிலச் சொல். கீழே சீன விளக்கத்தோடு அறுபது வாக்கியங்கள்.

"யூ... ரீச்... மீ?" எனக்குப் படிப்பிப்பீர்களா என்கிறார்.

வீடு தேடி வந்தவரிடம் இல்லை என்று சொல்லி யோகராணிக்குப் பழக்கமில்லை. தலையை ஆட்டி, உள்ளே இருத்தி, தேத்தண்ணியும் கொடுத்துவிட்டாள். வியாழன்தோறும் பத்து மணி என்று முடிவாயிற்று.

கணவர் இரத்தினசிங்கம் குசினி வாசலில் நின்று சிரித்தார். "டொக்டர் சுகம் கேட்டாலே என்ர முகத்தைப் பாக்கிற ஆள். நீர் இங்கிலிஷ் ரீச்சரோ?"

"வாசலுக்கு வந்த மனுசியைக் கலைக்கச் சொல்லுறியளோ? ஒரு சொல்லுத்தானே. ரன் எண்டால் ஓடுறது. முடிஞ்சுது."

முடியவில்லை. முதல் வாரமே அந்தத் தாளில் மூக்கு ஓடியது, குழாய் ஓடியது, கடை ஓடியது. காலுள்ள ஒருவர் வந்தாரே என்று பார்த்தால், தமிழில் நாங்கள் ‘நிற்கிற’ தேர்தலில் அவர் ஓடினார்.

"நெக்ஸ்ட் வீக்" என்று யோகராணி சமாளித்தாள்.

அதற்காகவே செவ்வாய்க்கிழமைகளில் நூலகத்து ஆங்கில வகுப்பில் ஒளித்துப்போய் இருந்தாள். அங்கே கேட்டதை வியாழன் ஒப்புவித்தால் லின், "ஆ! வை?" என்பார். அந்த ‘ஏன்’ அவளை வீதிக்குத் துரத்தியது. மருந்துக்கடைப் பெண்ணைக் கேட்டாள். பஸ்காரரைக் கேட்டாள். பால் வாங்கப் போன இடத்தில் கடைக்காரரை மறித்து, "மில்க் ரன் அவுட். ஹூ அவுட்?" என்றாள். அவர் கிரிக்கெட்டில் தொடங்க, வரிசையில் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள்.

விடை சொல்லச் சொல்ல லின்னின் கேள்விகள் கூடின. ஒரு வியாழன் அவர் யோகராணியின் கையைப் பிடித்து, "நெக்ஸ்ட் மந்த், மை சிட்டிசன்ஷிப் ரெஸ்ட்" என்றார்.

அடுத்த மாதம் குடியுரிமைச் சோதனையாம்; யோகராணி அதைக் கணவரிடம் சொன்னாள்.

"பாவம், உம்மை நம்பின மனுசி" என்றார் இரத்தினசிங்கம்.

"சும்மா இருங்கோப்பா, எரியிற நெருப்பில எண்ணெய் ஊத்தாமல்."

பிள்ளைகள் வேலை வேலையென்று போனபின் அவளைத் தேடி வருகிற ஒரே சீவன் லின்தான். உண்மையைச் சொன்னால் அந்தச் சிநேகிதம் போகும். சொல்லாவிட்டால் அந்த மனுசியின் குடியுரிமை போகும். இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலை உளுந்து வடை சுட்டுக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள்.

கதவைத் திறந்தது லின்னின் மகள் மெய். தாய் கடைக்குப் போயிருந்தார். லின்னின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதில்லை என்ற ஆறுதலில், யோகராணி நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் கொட்டினாள். தான் ரீச்சர் இல்லை என்பது, நூலக வகுப்பு, பஸ்காரர், கடை வரிசை என்று ஒன்றும் மிச்சமில்லை.

"உங்கட அம்மாவுக்கு ஒரு நல்ல ரீச்சரைப் பிடியுங்கோ, பிள்ளை. என்னால அவ பெயிலாகக் கூடாது" என்று முடித்தபோது கண் கலங்கியிருந்தது.

மெய் வடைத் தட்டை வாங்கி வைத்துவிட்டு, அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"அன்ரி, அம்மா சீனாவில முப்பது வருசம் இங்கிலிஷ் ரீச்சர். வாய் திறக்காத பிள்ளையை ரீச்சராக்கி விடுறதுதான் அவவின்ர வழி. நீங்கள் இப்ப கால் மணித்தியாலம் மூச்சு விடாமல் இங்கிலிஷில கதைச்சனீங்கள், தெரியுமோ?"

உங்கள் வீட்டாரும் நோய் நொடியில்லாமல், வாய் நிறையச் சிரித்து, நல்ல அயலோடு நெடுங்காலம் வாழட்டும், என் செல்லங்களே.