குங்குமம் வைத்த மேன்டில் கல்

ஆராய்ச்சி செய்கிறவர்கள் சொந்த வீட்டில் இருக்கக் கூடாது. இருந்தால் வீட்டுக்கும் நிம்மதி இல்லை, ஆராய்ச்சிக்கும் நிம்மதி இல்லை.

எம்.எஸ்ஸி. முடித்த புதிதில், ஐசோடோப்பு என்ற ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு ஓசூர் மூக்கண்டப்பள்ளியில் எங்கள் தெருவையே மிரட்டிக்கொண்டிருந்தேன். ஒரே தனிமத்தின் அணுக்களில் எடை கூடியதும் உண்டு, குறைந்ததும் உண்டு. இரண்டும் என்ன விகிதத்தில் கலந்திருக்கின்றன என்று அளந்தால், கல் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். ஊத்தங்கரைப் பக்கம் ஒரு வகைச் சுண்ணாம்புப் பாறை, பூமியின் மேலோட்டுக்கு அடியில் இருக்கும் மேன்டில் அடுக்கிலிருந்து உருகி மேலே வந்தது. அதை அளக்கப் பெங்களூர் லேப் ஒன்றில் எனக்கு நாள் ஒதுக்கியிருந்தார்கள். நல்ல ரிசல்ட் வந்தால் வெளிநாட்டில் பிஎச்.டி. இடம். அந்த இடத்துக்கு ஏங்கியதுபோலப் பிறகு நான் யாருக்காகவும் ஏங்கவில்லை (என் கணவர் இதைப் படிக்க மாட்டார்).

கல்லைச் சில்லுகளாக உடைத்து, டிஸ்டில்டு வாட்டரில் கழுவி, ஹாலில் வெள்ளைத் துணி விரித்துக் காய வைத்தேன். அந்தப் பக்கம் திரும்பி யாரும் தும்மக்கூடாது என்பது உத்தரவு.

"கல்லுக்குத் தீட்டாடி?" என்றாள் அம்மா.

"கன்டாமினேஷன்மா" என்றேன், கையுறையைக் கழற்றாமலே காபியை வாங்கிக்கொண்டு.

அப்பா ஒரு கம்பெனியில் லேத் ஆபரேட்டர். சாத்தூரிலிருந்து பிழைக்க வந்தவர். லேப் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் ஆயுத பூஜை. கம்பெனியில் மெஷினுக்கெல்லாம் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு வந்தவர், வீட்டில் வண்டி, மிக்ஸி, கிரைண்டர் என்று ஆரம்பித்தார். நான் பொரி வாங்கக் கடைக்குப் போயிருந்தேன்.

திரும்பி வந்தால், ஒவ்வொரு சில்லுக்கும் சந்தனம், குங்குமம். நடுவில் குங்குமம் தடவிய எலுமிச்சை மூடிகள். போதாததற்கு ஒரு பழத்தை மேலே பிழிந்தும் விட்டிருந்தார். கல் நுரைத்துக்கொண்டிருந்தது. லேபில் அமிலம் ஊற்றி எந்த வாயுவைப் பிடித்து அளக்கப் போகிறேனோ, அது எங்கள் ஹாலில் சாம்பிராணிப் புகையோடு கலந்து போய்க்கொண்டிருந்தது.

"பாரு பாப்பா, சாமி ஏத்துக்கிருச்சு. எப்படி நொரைக்குது பாரு."

"ஏம்ப்பா தொட்டீங்க?"

"லேத்துக்கு வச்சிட்டு ஒன் கல்லுக்கு வைக்காம விட்டா நல்லாவா இருக்கும்?"

பொரிப் பையோடு தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பக்தியில் அழுகிறேன் என்று நினைத்து அம்மா திருநீறு பூசிவிட்டாள்.

கழுவித் தேய்த்து எடுத்துப் போன சில்லை லேப் மேடம் மோந்து பார்த்தார். "சந்தனமா? இதை ஓட்ட முடியாதும்மா. நாங்களும் மெஷினுக்குப் பூஜை பண்ணோம். ஆனா வெளியே மட்டும்." மெஷின் மூடியில் அழகாக ஒரு பொட்டு இருந்தது. எனக்கு ஒதுக்கிய நாளை, குகைச் சுண்ணாம்பில் அந்தக் கால மழையைத் தேடிக்கொண்டிருந்த ஒரு பையனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவனுக்குப் பழைய மழை, எனக்கு ஓசூர் பஸ்.

அடுத்த ஞாயிறு அப்பாவே வண்டியில் ஊத்தங்கரைக்கு அழைத்துப் போனார். வெயிலில் பாறைக்கு எட்டவே நின்றுகொண்டு, "நீ எடு பாப்பா, நான் தொடல" என்றார். அந்தக் கற்களை அளக்க வேறு நாள் கிடைத்தது, இடமும் கிடைத்தது. பறந்து வந்துவிட்டேன்.

வீட்டில் கதை இன்னும் ஓடுகிறது. ஆயுத பூஜையன்று அம்மா வீடியோ காலில் மிக்ஸியைக் காட்டி, "பொட்டு வைக்கலாமாடி, ரிசல்ட் கெட்டுராதே?" என்பாள். சித்தி, சித்தப்பா வரை சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

போன வருஷம் அதே காலில் அப்பா என் லேப் மெஷினைக் காட்டச் சொன்னார். காட்டினேன். கற்பூரத் தட்டைப் போனுக்கு ஒரு கை தள்ளிப் பிடித்து, "தூரத்துல இருந்துதான் காட்டுறேன், பயப்படாத" என்றார்.

பக்கத்தில் வாங்கப்பா என்று சொல்ல வாயெடுத்தேன். எவ்வளவு பக்கத்தில் வந்தாலும் அவர் கை எதையும் தொட முடியாத தூரத்தில் இருக்கிறேன்.