பேரணியில் இறங்கிய மாப்பிள்ளை

ஓடுகிற ரயிலைச் சங்கிலி இழுத்து நிறுத்தியவர்கள் பலர் உண்டு. குழந்தை விழுந்துவிட்டது, பெட்டி திருடுபோய்விட்டது என்று ஏதாவது காரணம் இருக்கும். தன் கல்யாணத்துக்குப் போகிற ரயிலைத் தானே நிறுத்தி இறங்கிய மாப்பிள்ளை, அன்றைய தென்னாற்காடு ஜில்லாவில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். செத்துக்கொண்டிருக்கிறேன் என்பது நான் சொன்ன காரணம். (சாகவில்லை என்பது உங்களுக்குத் தெரிகிறது. எனக்குத்தான் அன்று தெரியவில்லை.)

அறுபதுகளின் தொடக்கம். திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் எனக்கு எடை பார்க்கிற வேலை. மல்லாட்டை என்றால் நிலக்கடலை. ஒரு மூட்டையை முதுகில் போட்டுக்கொண்டு சீட்டியடித்தபடி நடக்கிற உடம்பு. அந்த வருஷம் தை மாதம் அப்பா போனார். காலையில் கேப்பைக் கூழ் குடித்துக்கொண்டிருந்தவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, "படபடன்னு வருதுடா" என்றார்.

"பித்தமா இருக்கும்பா. இருங்க, சோடா வாங்கியாறேன்" என்று ஓடினேன். கடையில் கூட்டம். முறைப்படி நின்று வாங்கி வந்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். உடைக்காத சோடாவைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு என் நெஞ்சின் மேல் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. தராசுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ரகசியமாக நாடி பிடித்துப் பார்ப்பேன். யாரிடமும் சொல்லவில்லை. அழவும் இல்லை. மூத்த பிள்ளை நானே அழுதால் அம்மா என்ன ஆவாள் என்று நினைத்தேன். முட்டாள்தனம்தான். ஆனால் அப்போது அதைப் பொறுப்பு என்று சொல்வார்கள்.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் நடக்க வேண்டும், தவறினால் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் அம்மாவின் தம்பி, என் தாய்மாமன், ஜல்தியாக ஒரு பெண்ணைப் பார்த்து முடித்துவிட்டார். பெண்ணுக்கு விழுப்புரம். பெயர் சரோஜா. துக்க வீட்டில் பந்தல் வேண்டாமென்று கல்யாணத்தை அங்கேயே ஒரு சத்திரத்தில் வைத்தார்கள்.

முகூர்த்தத்துக்கு முந்தின மத்தியானம் சீர்த்தட்டுகளோடும் சொந்தபந்தங்களோடும் பாசஞ்சரில் ஏறினோம். அம்மா வரவில்லை. தாலி இழந்தவள் நல்ல காரியத்தில் முன்னால் நிற்கக் கூடாதாம். நான் கிளம்பும்போது வாசலுக்குக்கூட வரவில்லை. கழுத்தில் மாலையோடு ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன்.

மயிலம் ஸ்டேஷன் தாண்டியதும் ஆரம்பித்தது. காரணமே இல்லாமல் நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்துப்போயின. எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை. அப்பாவுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று முடிவு செய்துவிட்டேன்.

மாமா என் முகத்தைப் பார்த்தார். "இன்னாடா, ஒரு மாதிரியா கீற?"

"படபடன்னு வருது மாமா."

"பித்தமா இருக்கும். விழுப்புரத்துல எறங்குனதும் ஒரு சோடா குடி, சரியாப்பூடும்."

அது போதும். பெஞ்சின் மேல் ஏறிச் சங்கிலியைப் பிடித்துத் தொங்கிவிட்டேன்.

பேரணி ஸ்டேஷனுக்குச் சற்று முன்னால் ரயில் நின்றது. கார்டு கொடியோடு ஓடிவந்தார்.

"யாருய்யா இழுத்தது? இன்னா ஆச்சு?"

"செத்துக்கினு இருக்கேங்க."

"பெஞ்சு மேல நின்னுக்கினா? எறங்குய்யா மொதல்ல!"

அவர் பெஞ்சிலிருந்து இறங்கச் சொன்னார். நான் ரயிலிலிருந்தே இறங்கிவிட்டேன். மாமா மட்டும் பின்னால் குதித்தார். சீர்த்தட்டுகளையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு ரயில் கிளம்பிப் போயிற்று.

ஒரு வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அதுதான் பெரிய அவமானம். செத்திருந்தால்கூடக் கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும்.

காடு கொல்லை வழியாக ரோட்டுக்கு நடந்து, விழுப்புரம் போகிற லாரி ஒன்றில் மூட்டைகளின் மேல் ஏறிக்கொண்டோம். வழியில் இரண்டு முறை அதே படபடப்பு வந்தது. லாரியில் இழுக்கச் சங்கிலி இல்லை என்பதால் மாமாவின் கையை நசுக்கினேன். (அந்தக் கையைக் காட்டிக் காட்டியே அவர் கடைசிவரை எங்கள் வீட்டில் விருந்து சாப்பிட்டார்.)

மாப்பிள்ளை ஓடிவிட்டார் என்ற சேதி எங்களுக்கு முன்னே சத்திரத்துக்குப் போயிருந்தது. மேளக்காரர்கள் வாத்தியத்தை உறையில் போட்டுவிட்டார்கள். மாமனார் வாசலிலேயே மறித்தார்.

"ஊரு பூரா பத்திரிக வெச்சிட்டேன். மாப்பிள்ள ஓடிப்போன பொண்ண நாளைக்கு எவன் கட்டுவான்?"

"ஓடலைங்க, நெஞ்சு வலி" என்றார் மாமா, என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து.

"அப்பனும் நெஞ்சு வலியில போனவரு. இவரும் பூட்டாருன்னா எம்பொண்ணு கதி?"

அவர் கேட்டதில் தப்பே இல்லை. உடனே ஒரு டாக்டரை அழைத்துவந்தார். மணையில் உட்கார வேண்டியவன், அதே மணையில் சட்டையைக் கழற்றிக்கொண்டு உட்கார்ந்தேன். பெண் வீட்டார் அத்தனை பேரும் சுற்றி நிற்க, டாக்டர் குழாயை வைத்து வெகுநேரம் கேட்டார். பிறகு எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டு, "வீட்ல சமீபத்துல ஏதாவது ஆச்சா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

சோடாவைப் பற்றிச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் உடைந்துபோய் அழுதேன். எட்டு மாதத்து அழுகை அது, வாடின மாலையோடு.

டாக்டர் மாமனாரைக் கூப்பிட்டார். "நெஞ்சு நல்லா இருக்கு. பயம்தான் நோவு. வீட்டு நாய் திருடனப் பாத்துக் குரைக்கணும். இவரு நாய் தபால்காரனப் பாத்தும் குரைக்குது. அவ்வளவுதான். நாயைப் பழக்கிடலாம்."

"மருந்து?"

"தூங்கறதுக்கு ஒரு மிக்சர் தர்றேன். ஆனா நெஜ மருந்து ரயில்தான். கொஞ்சம் கொஞ்சமா போகணும். பயம் வந்தா எறங்கக் கூடாது. அது ஏறும், அப்புறம் தானா அடங்கும். பாதியில எறங்கிட்டா அடுத்த தடவ இன்னும் பெருசா வரும்."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டார். "போயும் போயும் ஒரு பயந்தாங்கொள்ளிக்கா எம்பொண்ணு?"

அப்போதுதான் சரோஜாவின் குரலை முதல்முறையாகக் கேட்டேன். உள்ளறைக் கதவோரம் நின்றிருந்தாள்.

"பயந்தவரு பேரணியிலேர்ந்து திண்டிவனத்துக்கே திரும்பிப் போயிருக்கலாம் இல்லப்பா? பயந்துக்கினேதான் இங்க வந்துக்கீறாரு."

மறுநாள் தாலி கட்டினேன். கை நடுங்கியது. எல்லா மாப்பிள்ளைக்கும் நடுங்குவதுதான் என்று யாரும் கண்டுகொள்ளவில்லை.

வைத்தியத்தை அவளே எடுத்துக்கொண்டாள். முதல் வாரம் மயிலம் வரை ரயிலில் போய்த் திரும்பினோம். அடுத்தடுத்த வாரங்களிலும் அதே மயிலம்தான். ஒரு மாதம் கழித்துப் பேரணி. பேரணி நெருங்கும்போது நான் எழுந்துவிடுவேன். அவள் என் வேட்டி நுனியை இறுகப் பிடித்துக்கொண்டு, "உக்காருங்க. அடுத்தது விக்கிரவாண்டி" என்பாள். விழுப்புரம் வரை ஒரே மூச்சில் போய்ச் சேர, அப்பாவின் முதல் திதி வந்துவிட்டது. ரொம்ப வருஷம் கழித்து வேறொரு டாக்டர் இதற்குப் பதற்ற நோய் என்று பெயர் சொல்லி மாத்திரையும் கொடுத்தார். பெரிய துக்கத்தை உள்ளேயே அடைத்துவைத்தால் இப்படியும் வெளியே வருமாம். மாத்திரை உதவியது. ஆனால் பயம் முழுதாகப் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன்.

எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாருக்காவது நெஞ்சு படபடத்தால், "பேரணி வந்துடுச்சு" என்பார்கள். பரீட்சைக்குப் போகிற பேத்தியும் சொல்வாள். பித்தம், சோடா என்று யாரும் பேசுவதில்லை. பக்கத்தில் வந்து உட்காருவார்கள்.

போன வருஷம் சரோஜாவுக்கு ஆபரேஷன். உள்ளே தள்ளிக்கொண்டு போகுமுன் என் கையைப் பிடித்தாள். அவள் கை சில்லிட்டிருந்தது.

"பேரணி வந்துடுச்சுங்க" என்றாள். அறுபது வருஷத்தில் அவள் அதைச் சொன்னது அன்றுதான்.

"அடுத்தது விக்கிரவாண்டி" என்றேன்.

கதவை மூடினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கும் வந்தது. மூன்று மணி நேரம், விட்டு விட்டு. நான் எழுந்திருக்கவில்லை.

கண் விழித்ததும் அவள் நர்சிடம் முதலில் கேட்டது இதுதான்: "வெளிய இருந்தாரே, பெஞ்சு மேல ஏறாம ஒழுங்கா உக்காந்துக்கினு இருந்தாரா?"