பஸ் மறித்தவன் மறியலில்

அன்புவழிபுரம்,
திருகோணமலை.

'மெய்முழக்கம்' பத்திரிகையின் மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

தாங்களும் குடும்பமும் அச்சு இயந்திரமும் சுகமாயிருக்கக் கோணேசப் பெருமான் அருளட்டும். நான் சோமசேகரம், துறைமுகக் கந்தோரில் முப்பத்தொரு வருடம் கடிதமும் கோப்பும் எழுதும் லிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பேப்பரை வாசிக்காமல் ஒருநாளும் பல் விளக்கியதில்லை. இப்போது மகள் ஜெயரூபிக்கும் மன்னாரில் படிப்பிக்கும் பிரகலாதனுக்கும் பேசிய கல்யாணம் உங்களால் தடைப்பட்டு நிற்கிறது.

சென்ற செவ்வாய்க்கிழமை மீன் வாங்கப் போனேன். பிரதியமைச்சர் ஒருவர் வருகிறார் என்று உள்துறைமுக வீதியின் ஒரு பக்கம் மாலையோடும் மறுபக்கம் கறுப்புக்கொடியோடும் சனம். எனக்கு இரண்டு பக்கமும் வேண்டாம், சூடை மீன் பழுதாகமுன் வீடு போய்ச் சேர்ந்தால் போதும் என்று வீதியோரம் நின்று கையை உயர்த்தினேன். உங்கள் நிருபர் படமெடுத்து, பெயர் ஊர் எல்லாம் எழுதிக்கொண்டு, "ஐயா, என்ன செய்யிறியள்?" என்று கேட்டார். "பஸ் மறிக்கிறன் தம்பி" என்றேன். இந்த ஊரில் பஸ்ஸை மறித்துத்தானே ஏறுகிறோம், வேறெப்படி ஏறுவது? மறுநாள் முதற்பக்கத்தில் நான். 'மறியலில் ஓய்வுபெற்ற லிகிதர் சோமசேகரம்!' அமைச்சரை எதிர்த்து பஸ் மறியல் போராட்டம் செய்தேனாம். கையிலிருந்த சூடைப் பை மீனவர் துயரத்தின் சின்னமாம். அந்தச் சின்னத்தை அன்று மத்தியானமே பொரித்துச் சாப்பிட்டுவிட்டோம்.

கந்தளாயில் மாப்பிள்ளையின் தகப்பன் கோணாமலையார் வீட்டில் தலைப்போடு வாசிப்பு முடிந்துவிடும். நம் சனத்துக்கு மறியல் என்றால் சிறை என்பது உங்களுக்குத் தெரியாததா? அவர் மனைவி கமலாதேவி டெலிபோனில் கோல் எடுத்து, "உங்களை எப்ப வெளியில விட்டவை?" என்று கேட்டார்.

"நான் உள்ளுக்கே போகேல்லையே!"

"பொய்யெண்டால் ஏன் படம் போடுறாங்கள்? இந்தச் சம்பந்தம் எங்களுக்கு ஏலாது."

அன்றிலிருந்து ஜெயரூபி என்னோடு கதைப்பதில்லை. சோற்றுக் கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். எனக்குச் சோறு இறங்குவதில்லை ஐயா.

மற்றவனாவது உள்ளதை எழுதியிருப்பான் என்று 'நடுநிலைமணி'யை வாங்கிப் பார்த்தேன். அதே கை, அதே பை. 'பிரதியமைச்சரை மீனோடு வரவேற்ற பெரியவர்!' அவர்கள் பேப்பரில் ஒரு கறுப்புக்கொடியும் இல்லை, உங்கள் பேப்பரில் ஒரு மாலையும் இல்லை. இரண்டிலும் பஸ்ஸைக் காணவில்லை. பஸ் நிற்கவில்லைதான், ஆனால் வந்தது.

ஆகவே, இவர் எந்தப் பக்கமும் இல்லை, பஸ்ஸுக்குத்தான் கை காட்டினார் என்று அதே முதற்பக்கத்தில், அதே பருமன் எழுத்தில் திருத்தம் போட வேண்டும். உள்ளே கோழித்தீன் விளம்பரத்துக்குக் கீழே போட்டால் ஏற்கமாட்டேன். போடாவிட்டால் பேப்பரை நிறுத்துவேன்.

தங்கள் பேனா நேராக ஓட வாழ்த்தும்,
க. சோமசேகரம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகையில் கோணாமலையார் கோல் எடுத்தார். சலூனில் 'நடுநிலைமணி'யைப் பார்த்தாராம். "அமைச்சரோட இவ்வளவு பழக்கமெண்டு ஒரு கதை சொல்லேல்லையே சம்பந்தி! பிரகலாதன்ர இடமாற்றத்தை ஒருக்கால் கதைச்சுவிடுங்கோ. கலியாணத்தை ஆவணியில வைப்பம்" என்றார். நான் ஓம் என்றுவிட்டேன். இப்போதுதான் ஜெயரூபி தேத்தண்ணி கொண்டுவந்து "அப்பா" என்றாள். ஆகையால் திருத்தம் வேண்டாம் ஐயா. உண்மை எங்கேயும் ஓடிவிடாது, தாலி ஏறிய பிறகு போடுங்கள்.