கை சுத்தமான குடும்பம்

பாகற்காயின் காம்பு மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்பதில்தான் அன்றைக்கு முதல் சண்டை.

"தலைகீழாக் கட்டியிருக்கீங்க," என்றாள் சரோஜாதேவி, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டே. "காய் வானத்தப் பாத்துக்கிட்டு நிக்கிது."

"எனக்குச் சொல்லித்தராத. நான் மண்ணுல பொறந்தவன்," என்றார் ஸ்டூலில் நின்ற அழகர்சாமி, பல்லில் கடித்திருந்த பச்சை நூலை விடாமல்.

மண்ணில் பிறந்தது உண்மைதான். அப்பனும் ஆத்தாளும் எல்கடுவைப் பக்கத்துத் தேயிலை மலையில் முதுகு கூனிச் செத்தவர்கள். அதற்குப் பிறகு மண்ணுக்கும் அழகர்சாமிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாத்தளையில் ஒரு மிளகு ஸ்டோரில் மேசைக்குப் பின்னால் காற்றாடிக்குக் கீழே உட்கார்ந்தே காலத்தை ஓட்டி ஓய்வு பெற்றவர். "நம்ம வம்சத்துல மம்பட்டி எங்கப்பனோட சரி" என்று கல்யாண வீட்டுப் பந்திகளில் சொல்லுவார். கேட்கிறவர்களுக்கும் அப்பன் மம்பட்டி பிடித்தவன்தான் என்பதால் யாரும் சிரிக்கமாட்டார்கள்.

அப்பேர்ப்பட்டவர் சந்தையில் வாங்கிய பாகற்காயை வீட்டுக் கொடியில் நூல் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார் என்றால், அதற்கு மகள் கல்யாணம் காரணம்.

சிவநந்தினிக்கு முப்பது தாண்டிவிட்டது. பார்மசியில் நல்ல வேலை. ஆனால் பெண் பார்க்க வந்த மூன்று இடமும் தேத்தண்ணியைக் குடித்துவிட்டுப் போனதோடு சரி. "ஜாதகத்த இப்ப யாரு பாக்குறா? பேஸ்புக்கத்தான் பாக்குறாங்க. வீடு வாசல் கலகலன்னு இருக்கிற மாதிரி ஒரு பேஜ் தொடங்குங்க," என்று தரகர் வழி சொன்னார்.

சரோஜாதேவி 'எங்க வீட்டுத் தோட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினாள். சந்தைக் கத்தரிக்காயைக் கூடையில் போட்டு, கூடையைப் புருசன் கையில் கொடுத்து, 'இன்றைய அறுவடை' என்றாள். சாப்பாட்டுக் கடைப் பலாக்காய்க் கறியைச் சட்டிக்கு மாற்றி, 'விறகடுப்பில் என் கைப்பக்குவம்' என்றாள். பல்லேகமவில் யாரோ ஒருத்தி விரல் தேயப் பின்னிய பன்பாயை விரித்து, அதில் புருசனும் தானும் உட்கார்ந்து, 'எங்கள் கைவேலை' என்றாள். மகளுக்குப் படம் எடுக்கிற வேலை.

மாதக்கணக்காக 'சூப்பர்' போட்டவர்களெல்லாம் சொந்தக்காரர்கள். போன வியாழக்கிழமைதான் அந்த அழைப்பு வந்தது.

"கண்டியிலேருந்து கமலவேணி பேசுறேன். றத்தோட்டையில எங்களுக்கு பங்களாவும் மிளகுத் தோட்டமும் இருக்கு. உங்க பேஜ் பாத்தேன். எங்க வீட்டுக்கு இப்படி ஒரு குடும்பம் வேணும்னுதான் ரொம்ப நாளாத் தேடிக்கிட்டிருக்கோம்."

அழகர்சாமி போனோடு எழுந்து நின்றுவிட்டார். "ஜாதகம் அனுப்பவாங்க?"

அந்தப் பக்கம் ஒரு சின்னச் சிரிப்பு. "அதெல்லாம் நாங்க பாக்குறதில்ல. கை சுத்தமா இருந்தா போதும். ஞாயித்துக்கிழமை வாறேன். தோட்டத்தயும் பாத்துட்டு, சமையலயும் சாப்பிட்டுப் பாத்துட்டு, பேசி முடிச்சிடலாம்."

சரோஜாதேவி முத்துமாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அழகர்சாமி உட்கார்ந்து நகம் வெட்டினார். வெட்டிக்கொண்டிருக்கும்போதுதான் இருவருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது: தோட்டத்தைப் பார்க்க வருகிறாள்.

பலாபத்வலையில் அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த தோட்டம் எச்சில் குப்பையில் தானாக முளைத்த ஒற்றைப் பூசணிக் கொடி. அதைத்தான் இப்போது கம்பியில் ஏற்றி, பாகற்காய் காய்க்க வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பூசணிக் கொடியில பாகற்காயாப்பா?" என்றாள் வாசலில் நின்ற சிவநந்தினி.

"கண்டி ஆளுங்களுக்கு இலையெல்லாம் தெரியாது."

"ஏன், அவங்க புல்லா திங்கிறாங்க?"

"வாயக் குறைச்சுக்கிட்டு போய் சீலையக் கட்டு. இந்த வாய்க்குத்தான் மூணு பேரு எந்திரிச்சு ஓடுனானுங்க!"

கொடி ஒன்று மட்டும் போதாது என்று முதல் நாளே வாங்கி வைத்த கத்தரிக் கன்றுகளை, பைகளைக் கிழித்துக் காலையில் நட்டார்கள். பத்து மணி வெயிலுக்குக் கன்றெல்லாம் தலையைத் தொங்கப்போட்டன. தெம்பு வரட்டும் என்று அழகர்சாமி வாளி வாளியாக ஊற்றினார். மண் கரைந்து, கன்றுகள் மொத்தமாகப் படுத்துக்கொண்டன. நிமிர்த்தி முட்டுக்கொடுக்க ஈர்க்கு வேண்டும். வீட்டில் இருந்த ஒரே விளக்குமாற்றைப் பிரித்து முட்டுக் கொடுத்தார். கன்றுகள் நின்றன, முற்றம் கூட்ட வழியில்லை. குப்பை தெரியாமலிருக்கச் சரோஜாதேவி அதன் மேல் பன்பாயை விரித்தாள்.

சமையலுக்கும் ஒரு அத்தாட்சி வேண்டாமா? கடைக் கறிகளைச் சட்டிக்கு மாற்றிய கையோடு அவள் விறகடுப்பை மூட்டி, வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள். விறகு ஈரம். வீடு முழுக்கப் புகை. சீலை கட்டிக்கொண்டிருந்த சிவநந்தினி கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வரவும், கார் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

காரிலிருந்து இறங்கியது கமலவேணி மட்டும். கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் ஒற்றை முத்துமாலை. டிரைவர் றினோஸ் காரில் சாய்ந்து நின்றுகொண்டான்.

"தம்பி வரலீங்களா?" என்று மெல்லக் கேட்டார் அழகர்சாமி.

"மகனா? அவர் லண்டன்ல. வருசத்துக்கு ஒருக்கா வருவார். நம்ம ஊர்ச் சாப்பாடுன்னா அவருக்கு உசிரு. உங்க பேஜ அனுப்பினேன். 'அம்மா, இவங்களையே எடுங்க'ன்னுட்டார்."

சரோஜாதேவி வெட்கப்பட்டாள். மகளுக்காகவா, தனக்காகவா என்று அவளுக்கே தெரியாது.

சிவநந்தினி தேத்தண்ணித் தட்டோடு வந்தாள். கமலவேணி கோப்பையை எடுத்துக்கொண்டு ஜன்னல் வழியாகப் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"அம்மா, அவங்க என்னையப் பாக்கவே இல்ல," என்று குசினி அடுப்பருகே கிசுகிசுத்தாள் மகள்.

"பெரிய எடத்து ஆளுங்க மொறைச்சு மொறைச்சுப் பாக்கமாட்டாங்கடி."

மகளின் சிவந்த கண்கள் மட்டும் விருந்தாளிக்குத் தட்டுப்பட்டிருந்தன. "உங்க மகளா? ஏன் அழுதிருக்காங்க?"

"பிரியப் போறோமேன்னுதான்," என்றாள் சரோஜாதேவி, தழுதழுத்து.

"அதுக்கென்ன, அவங்க இங்கேயே இருக்கட்டும். வேலைக்கும் வசதிதானே? லீவு நாள்ல பங்களாவுக்கு வந்து போகலாம்."

இந்தக் காலத்தில் இப்படியொரு மாமியாரா! சரோஜாதேவிக்கு இப்போது நிஜமாகவே கண் கலங்கியது.

பின்பக்கம் போனார்கள். பாயைக் கண்டதும் கமலவேணி நின்றாள். "இத ஏன் வெளிய போட்டிருக்கீங்க?"

"இப்பத்தான் பின்னி முடிச்சோம். காயுது," என்றார் அழகர்சாமி.

"அப்ப கொஞ்சம் பின்னிக் காட்டுங்களேன். ஆசையா இருக்கு."

சரோஜாதேவி உள்ளங்கையைச் சட்டென்று முந்தானைக்குள் ஒளித்தாள். "கையில வெட்டுங்க. விறகு கொத்தையில..."

"ஐயோ, அப்ப நீங்க சிரமப்படாதீங்க," என்று கமலவேணி, அழகர்சாமி பக்கம் திரும்பினாள். "நீங்க ஒரு பாத்தி வெட்டிக் காட்டுங்க. கை பழக்கத்தப் பாத்துட்டா எனக்கு நிம்மதி."

அழகர்சாமி மனைவியைப் பார்த்தார். பெண்ணைப் பெற்றவனை மண் வெட்டச் சொல்கிற சடங்கு எந்த ஊரில் இருக்கிறது? ஆனால் பணக்காரர்களின் சோதனை எப்படியும் இருக்கும். பணிவு இருக்கிறதா என்று பார்க்கிறாள் போல. சரோஜாதேவி தாடையை அசைத்தாள். 'வெட்டுங்க' என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டு மஸூதாவிடம் மம்பட்டி இரவல் வந்தது. "அல்லாஹ்வே, யாருக்கு என்ன ஆச்சு?" என்று அவள் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். கரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வம்சத்தில் முடிந்துபோன மம்பட்டியை அழகர்சாமி மறுபடி தூக்கினார். முதல் வெட்டு காற்றில். இரண்டாவது கல்லில். மூன்றாவது, தான் கட்டிய பூசணிக் கொடியின் தண்டில்.

"கொஞ்சம் குனிஞ்சு வெட்டுங்க," என்றாள் கமலவேணி. "இடுப்பு வலி ஒண்ணும் இல்லையே?"

"இல்லீங்க," என்று மூச்சு வாங்கினார்.

"சீனி வருத்தம், பிரஷர்?"

"நம்ம பரம்பரையிலயே கெடையாதுங்க!" பரம்பரை நோயெல்லாம் விசாரிக்கிறாள் என்றால் விஷயம் பழுத்துவிட்டது.

"குடி?"

"தேத்தண்ணி மட்டுந்தான்."

கமலவேணி திருப்தியோடு கொடியில் ஒரு பாகற்காயைத் தொட்டாள். அது நூலோடு சேர்ந்து அவள் கையில் வந்தது. நூலைப் பார்த்தாள். பிறகு அழகர்சாமியைப் பார்த்தாள்.

"காத்துக்குங்க," என்றார் அவர். "எங்கூட்டுக் காயெல்லாம் கனமா இருக்கும். காம்பு தாங்காது. ஒவ்வொண்ணுக்கும் நூல் போட்டுருவோம்."

"ஒவ்வொண்ணுக்குமா?" அவள் கண்ணாடியைக் கழற்றினாள். "இப்படி ஒரு பொறுமைய நான் பாத்ததேயில்ல."

சாப்பாடு நடந்தது. கமலவேணி இரண்டாவது தரமும் பலாக்காய்க் கறி போட்டுக்கொண்டாள். "உப்புப் புளி எல்லாம் கணக்கா இருக்கு. தினமும் இப்படிச் சமைப்பீங்களா?"

"மூணு வேளையும்," என்றார் அழகர்சாமி. சரோஜாதேவி மேசைக்குக் கீழே அவர் காலை மிதித்தாள்.

கை கழுவியதும் அவர் நாற்காலி நுனிக்கு வந்தார். எந்தச் சம்பந்தமும் முறிகிற இடம் இதுதான். "அப்ப... எங்க பக்கத்துலருந்து என்ன எதிர்பாக்குறீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா..."

"ஒண்ணும் வேணாம். உடுப்ப எடுத்துக்கிட்டு வந்தாப் போதும். இருக்க எடம், சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு."

அழகர்சாமி மனதுக்குள் விரல் விட்டு எண்ணினார். நகை வேண்டாம், வீடு வேண்டாம், ஒன்றுமே வேண்டாம். தொண்டை வரை வந்துவிட்ட 'சம்பந்தி'யை அவர் விழுங்கினார். தட்டு மாற்றுகிற வரைக்கும் அந்த வார்த்தை வேண்டாம் என்று சரோஜாதேவி காலையிலேயே எச்சரித்திருந்தாள்.

"நாளு?"

"ஒண்ணாம் தேதி வச்சுக்குவோமா?"

"நல்ல நாளான்னு ஐயர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"அது உங்க இஷ்டம். ஆனா பேச்சு மாறக்கூடாது. ஒருக்கா ஏமாந்துட்டேன்."

"பேச்சு மாறுறதா? எங்க உசிரு போனாலும் மாறமாட்டோம்!"

கமலவேணி கும்பிட்டுவிட்டுக் காரில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள். முற்றத்தில் சரோஜாதேவி புருசன் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கையில் மூன்று கொப்புளம், ஒன்று உடைந்திருந்தது.

"எரியுதாங்க?"

"எரிஞ்சா எரியட்டும். எம் மக கரையேறிட்டா," என்றார் அழகர்சாமி. உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்: "நந்தினி! வாயாடிக்கு நல்ல எடம் அமையாதுன்னான் தரகன். லண்டனே வந்திருக்கு பாரு!"

மேடத்துக்குக் கட்டிவைத்த பாகற்காய்ப் பையை எடுக்க றினோஸ் திரும்பி வந்தான். பையை வாங்கிக்கொண்டவன் போகாமல் நின்றான். காரை ஒருதரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, நான் சொன்னேன்னு மேடத்துக்கிட்ட சொல்லிராதீங்க, போன தோட்டக்காரனும் சமையலுக்கு இருந்த அவன் பொண்டாட்டியும் மூணு மாசங்கூட நிக்கல, அதனால நீங்க ரெண்டு பேரும் வேலைக்கு வர முந்தி அந்த வேலைக்காரங்க தங்குற காம்பராவுக்குக் கூரைத் தகரத்த மாத்தித் தரச் சொல்லுங்க, மழைக்கு ஒழுகும்."