ராட்சசப் பறவையின் கூட்டைத் தின்ற எங்கள் மாடு

விக்கிரமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மைத்துனர் செல்லமுத்து அவர்களுக்கு,

உங்கள் அக்காள் கணவன் அமிர்தலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மாடும் நலம். உங்கள் அக்கா கமலவேணியும் என் மகள் அனுசுயாவும் நலமா என்பதை இக்கடிதத்தை முழுக்கப் படித்துவிட்டு நீங்களே முடிவு செய்யவும். போனில் சொல்லலாம்தான். ஆனால் உங்கள் அக்கா அடுத்த அறையில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், அவளும் மகள் கட்சி.

நம்மூருக்குக் கிழக்கே சுண்ணாம்புக்கல் வெட்டிக் கைவிட்ட பள்ளத்தில் சினிமாக்காரர்கள் ஒரு பாதாள லோகம் கட்டுகிறார்கள். ஆர்ட் டைரக்டர் வெற்றிச்செல்வி என்றொரு அம்மா. முதலில் பேப்பரில் வரைகிறார், பிறகு மேசைமேல் அட்டையில் குட்டியாகச் செய்து பார்க்கிறார், அப்புறம் சவுக்குக் கழி, பிளைவுட், சாக்கு, பிளாஸ்டர் என்று பள்ளம் முழுக்க எழுப்புகிறார். பேங்க் பரீட்சைக்குப் படிக்கிற அனுசுயா வேடிக்கை பார்க்கப் போனவள், கையில் பெயிண்ட் டப்பாவோடு அங்கேயே தங்கிவிட்டாள். கூட்டிவரப் போன நான் கால் வலிக்கிறதே என்று ஒரு பாறையில் உட்கார்ந்தேன், அது தெர்மாகோல், இடுப்பு வரை உள்ளே போய்விட்டேன், நாலு பேர் பிடித்து இழுத்தார்கள், அந்தம்மா என்னை விட்டுவிட்டுப் பாறைக்காக வருத்தப்பட்டார். புத்தம்புதுக் கதவைச் சுரண்டி, துரு வரைந்து, பாசி ஒட்டி, முந்நூறு வருஷப் பழசாக்குகிறார்கள் மாப்ள. நம்ம வூட்டுக் கதவு ஒருத்தரும் கைவைக்காமலே அப்படித்தான் இருக்குது, படம் எடுக்கத்தான் ஆள் வரல. சரி, ஒத்தாசையா இருக்கட்டும்னு, நம்ம கொல்லையில கெடந்த கல்முட்டையை, அந்தக் காலத்துப் பிராணி போட்டதுன்னு காலேஜ்காரங்க சொன்னாங்களே, அதைத் தூக்கிட்டுப் போயி, அங்க அவங்க பின்னிக்கிட்டு இருந்த ராட்சசப் பறவையோட கூட்டுல வைங்கன்னு குடுத்தேன். அந்தம்மா திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. "ஐயா, இது நிஜம் மாதிரி இல்லீங்க"ன்னு திருப்பிக் குடுத்துட்டாங்க.

அந்த வருத்தத்துல மாட்டைக் கட்ட மறந்துட்டேன். கூடு வைக்கோல்ல பின்னினது, நம்ம வூட்டைவிடப் பெருசு, கிரேன்ல மேல ஏத்துறதுக்காகத் தரையில கெடந்துச்சு. மாடு சாவகாசமாப் போயி ஒரு பக்கத்தைத் தின்னுட்டு வந்துடுச்சு. மறுநா ஷூட்டிங். அந்தம்மா தலையில கைவெச்சு உக்காந்துட்டாங்க. அனுசுயா புது வைக்கோல் வெச்சுப் பின்னி, இனி எந்த மாடும் வாய்வைக்கக் கூடாதுன்னு, ஆடு கடிக்காம இருக்கக் கத்திரிச் செடிக்குத் தெளிப்போமே, அதே மாதிரி சாணியைக் கரைச்சுக் கூடு முழுக்க அடிச்சுட்டா. வூட்ல சாணின்னா மூக்கைப் பொத்துறவ. காஞ்சதும் பழசும் புதுசும் ஒரே நெறமாயி, காலகாலமா மழையில நனைஞ்ச கூடு மாதிரி ஆயிடுச்சு. இந்த நெறத்தைத்தான் தேடிக்கிட்டு இருந்தேன்னு அந்தம்மா அவளை அடுத்த படத்துக்கு மெட்ராஸ் கூப்பிட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமையே கெளம்பணுமாம், இவளும் தலையாட்டிட்டா.

"இல்லாத ஊரை இருக்கற மாதிரி ஆக்குற வேலைப்பா. எனக்கு வேற எதுவும் இவ்ளோ புடிச்சதில்ல"ங்கறா. எனக்குப் பயமா இருக்குது மாப்ள. ஒரே புள்ள. சாக்குலயும் சவுக்குலயும் கட்டுன ஊரு, படம் முடிஞ்சா பிரிச்சுடுவாங்க, அதை நம்பி எப்படி அனுப்புறது?

ஆகவே தாய்மாமன் என்ற முறையில், வெள்ளிக்கிழமை பெரம்பலூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்து, நாலு வார்த்தை கண்டித்து, அவளை நிறுத்திக் கொடுக்குமாறு வேண்டுகிறேன். உங்கள் மனைவி ஜெயசித்ராவுக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். உங்கள் வீட்டில் நெல்லும் பாலும் குறையாதிருக்கட்டும்.

இப்படிக்கு,
அமிர்தலிங்கம்

பி.கு.: கவரை ஒட்டுறதுக்குள்ள அனுசுயா வந்து, லைட்டெல்லாம் போட்டிருக்காங்க, வாங்கப்பான்னு கூட்டிட்டுப் போனா. சாக்கு எது, சவுக்கு எது, சாணி எந்த மாட்டோடதுன்னு எல்லாமே எனக்குத் தெரியும். தெரிஞ்சும், அந்தக் கூட்டுக்கு அடியில நின்னு அண்ணாந்து பார்த்தப்போ, தாய்ப்பறவை இப்ப வந்துடுமோன்னு பயந்து பொண்ணு கையைப் புடிச்சுக்கிட்டேன். இதை அவ செஞ்சிருக்கா மாப்ள. திரும்பி வர்ற வழியிலயே, போய்ட்டு வாம்மான்னு சொல்லிட்டேன். வெள்ளிக்கிழமை அரியலூர் ஸ்டேஷன்ல ரயில் ஏத்தணும். தடுக்கறதுக்குன்னா நீ வராதே. ரயில் கெளம்புனதும் நான் அழுதுடுவேன், பக்கத்துல ஆள் வேணும், அதுக்கு வா.