அறைக்குள் இரண்டு டிகிரி

"ஐம்பத்தொன்பது" என்றார் டைனோ சார், திரையைப் பார்த்தபடி. குரலில் வருத்தத்தைச் சரியான அளவில் கலந்திருந்தார்.

"அறுபத்திரண்டு குதிரைத்திறன் வரணுமே சார்!" என்றான் கேப்டன். அவனும் இன்னும் இரண்டு கல்லூரி மாணவர்களும் ஒரு வருடமாக உயிரைக் கொடுத்துக் கட்டிய பந்தயக் கார், பின்சக்கரங்கள் எஞ்சின் திறனை அளக்கும் டைனோ இயந்திரத்தின் உருளைமேல் இருக்க, நாலு பட்டைகளால் கட்டுண்டு நின்றது.

"வரலையே தம்பி. எதையாவது மாத்திட்டு நாளைக்கு வாங்க. இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துடலாம்."

உண்மையில் அறுபத்திரண்டுதான் வந்தது. மூன்றை விழுங்கியவர் டைனோ சார்.

அளக்கும்போது அறையின் வெப்பம் எத்தனை டிகிரி என்று டைனோவுக்கு அவர்தான் கையால் தட்டிக் கொடுக்க வேண்டும். சூட்டில் எஞ்சினுக்கு மூச்சு வாங்கும் என்று டைனோ இரக்கப்பட்டுக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கும். குளிர் என்றால் குறைத்துவிடும். சுவரில் வெப்பமானி முப்பத்தொன்று காட்டியது. அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அந்த நிலையில் 'இரண்டு' என்று தட்டினார்.

இருபது வருட வேலையில் இதுதான் அவருடைய முதல் பொய். காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அளந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் போய்விடுவார்கள். சனிக்கிழமை பந்தயம். அப்புறம் இந்த ஆய்வுக்கூடத்தில் ஒரு குரல் கேட்க அடுத்த வருடம் ஆகும். வீட்டுக்குப் போகலாம் என்றால் அங்கும் அதே கதை. பேத்தியைப் பார்த்துக்கொள்ள மூன்று மாதம் என்று மகளிடம் போன மனைவி, போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. தினமும் காலையில் போன் வரும்.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. இன்னிக்கு என்ன ஆச்சுன்னா..."

"இருங்க, குழந்தை அழுவுது. அப்புறம் பேசறேன்."

அந்த அப்புறம் மறுநாள் காலைதான் வரும். பேசாமலேயே ஒரு நாள் முழுக்க ஓடிவிடுவது அவருக்குப் பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை நாலு மணிக்குப் பிள்ளைகள் வந்தார்கள். கேப்டன் கத்தினான், லேப்டாப் என்று பெயர் வாங்கியவன் கணக்குப் போட்டான், சைலன்சர் தீயணைப்பானைப் பிடித்துக்கொண்டு டைனோ சாரின் முதுகுக்குப் பின்னால் நின்றாள். அவளுக்கு அந்தப் பெயர் வைத்ததில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எஞ்சினுக்குப் போகிற காற்றெல்லாம் இருபது மில்லிமீட்டர் துளையுள்ள ஒரு வளையத்தின் வழியாகத்தான் போக வேண்டும் என்பது பந்தய விதி. அந்த வளையம் அவள் பொறுப்பு.

மனசாட்சி உறுத்த, டைனோ சார் பதினைந்து என்று தட்டினார். அறுபதாவது வரும், பாவம், பிள்ளைகள் கொஞ்சம் சிரிக்கட்டும்.

ஐம்பத்துநாலு வந்தது.

"சார், நேத்தைவிடக் கம்மி!"

"ஆமாம்ப்பா" என்றார். இந்த முறை வருத்தம் கலக்க வேண்டியிருக்கவில்லை. அதுவாகவே வந்தது.

புதன்கிழமை பயந்துபோய் முப்பத்தொன்று என்று உண்மையையே தட்டினார். ஐம்பது! திரையில் முறுக்குவிசைக் கோடு ஆரம்பத்தில் நன்றாகத்தான் ஏறியது. வேகம் கூடியதும் யாரோ கழுத்தைப் பிடித்தது போல விழுந்தது.

"காத்து வளையத்தப் பாத்தியாம்மா?"

சைலன்சர் தலையாட்டினாள். அவள் பொய் சொல்கிற பெண் இல்லை. பேசினால்தானே பொய் சொல்ல.

அவர்கள் போனதும் டைனோ மீது சந்தேகம் வந்து, இருபது கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டுச் சோதித்தார். இருபது கிலோ என்றே காட்டியது. இயந்திரம் யோக்கியம், கெட்டுப்போனது தான்தான் என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அவர் துணிந்து ஐம்பது டிகிரி என்று தட்டினார். பொய்தான், ஆனால் பிள்ளைகளுக்காக. திரையில் நாற்பத்தாறு வந்து நின்றது.

கேப்டன் தலைக்கவசத்தைக் கழற்றினான். "இதுக்கு மேல முடியாது சார். பக்கத்து ஊர்ல ஒரு டைனோ இருக்காம். காலைல வண்டிய அங்க ஏத்திடறோம். இனிமே உங்களத் தொந்தரவு பண்ண மாட்டோம்."

தொந்தரவு என்ற வார்த்தை அவர் நெஞ்சில் தைத்தது. பட்டைகளை அவிழ்க்கக் குனிந்தவர், அப்படியே உருளைப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, தப்பு என்மேலதான். முத நாளே உங்களுக்கு அறுபத்திரண்டு வந்துடுச்சு."

"என்ன சார் சொல்றீங்க?"

"முப்பத்தொண்ண ரெண்டுன்னு தட்டிட்டேன். நீங்க மறுநாளும் வரணும்னு. இங்க... பேச ஆளில்லப்பா."

கேப்டன் கழற்றிய தலைக்கவசத்தை மறுபடி மாட்டிக்கொண்டான். லேப்டாப் விரல்விட்டு எண்ணினான்.

"அப்ப நேத்து ஐம்பது வந்தது?"

"நேத்து உண்மையத்தான் தட்டினேன். இன்னிக்கு உங்களுக்குச் சாதகமாப் பொய்கூடத் தட்டினேன். அதுக்கும் குறையுது. எனக்கே ஒண்ணும் புரியல. உங்க எஞ்சின நான்தான் கெடுத்துட்டேனோ என்னவோ."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சைலன்சர் தீயணைப்பானைக் கீழே வைத்தாள். காரிடம் போய் வளையத்தைக் கழற்றிக்கொண்டு வந்தாள். பையிலிருந்து இன்னும் மூன்று வளையங்களை எடுத்து, நாலையும் வரிசையாக மேசைமேல் வைத்தாள். ஒவ்வொன்றின் துளையும் முந்தியதைவிடக் கொஞ்சம் சின்னது.

"நீங்க ரெண்டுன்னு தட்டினத அன்னிக்கே பின்னாடி நின்னு பாத்தேன் சார்" என்றாள். "மறுநாளே மனசு மாறிடுவீங்கன்னு தோணிச்சு. ஹாஸ்டல்ல எனக்கும் பேச ஆளில்ல, எங்க அறுபத்திரண்டு வந்து எல்லாம் முடிஞ்சுடுமோன்னு பயந்து, நான்தான் தினம் துளைய ஒரு மில்லிமீட்டர் குறைச்சேன்."